கத்தியில்லாமல் அடைப்பு நீக்கிய டாக்டர்!

குழந்தைகளே, பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் போகாமல் தேங்கி நின்றால் என்ன செய்வோம்? சுவரை இடித்தா குழாயைச் சரிசெய்வோம்? நீளமான கம்பி ஒன்றை எடுத்துக் குழாய்க்குள் விட்டு, மெல்ல மெல்லத் தள்ளி அடைப்பை நீக்குவோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சர்ரென்று இறங்கிவிடும்.

நம் உடம்புக்குள்ளும் இதுபோல் ஏராளமான குழாய்கள் இருக்கின்றன. அவைதான் ரத்தக் குழாய்கள். அவற்றிலும் அடைப்பு வருவதுண்டு. ஒரு காலத்தில், அதை நீக்க வேண்டுமென்றால் உடம்பைத் திறந்து ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்ற நிலை இருந்தது. அதை மாற்றிக் காட்டியவர் ஓர் எக்ஸ்ரே டாக்டர். அவர் பெயர் சார்லஸ் டாட்டர்.

டாட்டர், 1920-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரில் பிறந்தார். வளர்ந்தது நியூயார்க் அருகே. உருவத்தில் சிறியவர், படிப்பில் கெட்டிக்காரர். இயந்திரங்கள் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. ஒரு பொருளைப் பார்த்தால், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார்.

1941-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். நியூயார்க்கில் உள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே துறையில் பயிற்சி எடுத்தார். அங்கே தலைமை நர்ஸாக இருந்த பமேலாவை 1944-ல் திருமணம் செய்துகொண்டார். இவர்களுக்கு மூன்று குழந்தைகள்.

1952-ம் ஆண்டு, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகரில் உள்ள மருத்துவக் கல்லூரி அவரை அழைத்தது. எக்ஸ்ரே துறைக்கே தலைவர் பதவி! அப்போது அவருக்கு வயது 32தான். கடைசிவரை, அதாவது 33 ஆண்டுகள், அதே பொறுப்பில் இருந்தார்.

அந்தக் காலத்தில் எக்ஸ்ரே டாக்டரின் வேலை என்ன தெரியுமா? படம் எடுப்பது, அதைப் பார்த்து எங்கே என்ன கோளாறு என்று எழுதிக் கொடுப்பது. அவ்வளவுதான். சரிசெய்யும் வேலை அறுவை சிகிச்சை டாக்டருடையது.

சாதாரண எக்ஸ்ரே படத்தில் எலும்பு பளிச்சென்று தெரியும். ரத்தக் குழாய் தெரியாது. அதனால் டாக்டர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். தொடையிலோ கையிலோ ஊசியால் சின்னத் துளை போட்டு, மெல்லிய, வளையக்கூடிய குழாய் ஒன்றை ரத்தக் குழாய்க்குள் நுழைப்பார்கள். இதற்குக் கதீட்டர் என்று பெயர். அதன் வழியாக ஒரு திரவ மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால், ரத்தம் ஓடும் பாதை முழுவதும் வரைபடம்போல் தெரியும். எங்கே அடைப்பு என்பதும் தெரிந்துவிடும்.

1963-ல் ஒருநாள் டாட்டர் இப்படித்தான் ஒரு நோயாளிக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இடுப்புப் பகுதியில் அவருடைய ரத்தக் குழாய் அடைபட்டிருந்தது. டாட்டர் செலுத்திய கதீட்டர், எதிர்பாராமல் அந்த அடைப்பையே துளைத்துக்கொண்டு மேலே போய்விட்டது. அடைபட்டிருந்த பாதை திறந்துகொண்டது!

வேறு யாராவது என்றால், நல்லவேளை, விபரீதம் ஒன்றும் ஆகவில்லை என்று விட்டிருப்பார்கள். டாட்டர் விடவில்லை. தெரியாமல் நடந்ததைத் தெரிந்தே ஏன் செய்யக்கூடாது என்று யோசித்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம், செக்கோஸ்லோவாகியா நாட்டின் கார்லோவி வாரி நகரில் எக்ஸ்ரே டாக்டர்களின் மாநாடு நடந்தது. அதில் பேசிய டாட்டர், கதீட்டர் என்பது படம் எடுக்க மட்டும் உதவும் கருவி அல்ல, நோயைச் சரிசெய்யவும் உதவும் என்றார். கேட்டவர்களுக்கு ஒரே ஆச்சரியம். அங்கே இருந்தவர்களில் ஒருவர், பிராக் நகரைச் சேர்ந்த இளம் டாக்டர் ஜோசப் ரோஷ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவார்.

யோசனை இருந்தால் போதுமா? கருவி வேண்டாமா? டாட்டர் நினைத்த வேலைக்கு ஏற்ற கருவி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. தானே செய்யத் தொடங்கினார். கிடார் கம்பி, காரில் வேகம் காட்டும் மீட்டரின் கேபிள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து, ரத்தக் குழாய்க்குள் போகும் கம்பி செய்து பார்த்தார்!

1963-ம் ஆண்டின் இறுதியில் சிகாகோவில் ஒரு மருத்துவக் கண்காட்சி. அங்கே பில் குக் என்ற இளைஞர், தன் வீட்டிலேயே செய்த மருத்துவக் கம்பிகளைக் கடை விரித்து வைத்திருந்தார். டெஃப்லான் குழாயை எரிவாயுச் சுடரில் காட்டி கதீட்டராக வளைப்பது எப்படி என்றும் செய்து காட்டினார். டெஃப்லான் என்றால் என்ன தெரியுமா? ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்குமே, அந்த வழவழப்பான பொருள்தான். டாட்டர் அவரிடம் சென்று, சுடர் விளக்கையும் டெஃப்லான் குழாயையும் ஒரு ராத்திரிக்கு இரவல் கேட்டார். மறுநாள் காலை, தன் கையாலேயே செய்த 10 கதீட்டர்களுடன் வந்து நின்றார். பில் குக்குக்கு வியப்பு தாங்கவில்லை! அன்று தொடங்கிய நட்பு கடைசிவரை நீடித்தது.

இனி, 1964-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதிக்கு வருவோம்.

போர்ட்லாண்ட் மருத்துவமனையில் 82 வயதுப் பாட்டி ஒருவர் படுத்திருந்தார். தொடையில் ஓடும் ரத்தக் குழாய் ஓரிடத்தில் மிகவும் சுருங்கிப்போயிருந்தது. பாதத்துக்கு ரத்தம் போகவில்லை. ஆறாத புண், விரல்கள் அழுகத் தொடங்கிவிட்டன. தாங்க முடியாத வலி. காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். பாட்டியோ முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார்.

காலை எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. எடுக்கப் பாட்டி சம்மதிக்கவில்லை. வேறு வழி இல்லாத நிலையில் டாட்டரை அழைத்தார்கள்.

டாட்டர் என்ன செய்தார்? முதலில் மெல்லிய கம்பி ஒன்றை ரத்தக் குழாய்க்குள் விட்டு, சுருங்கிய இடத்தைத் தாண்டிச் செல்லவைத்தார். அந்தக் கம்பியின் மேல், ஊசியில் பாசிமணி கோப்பதுபோல, ஒரு சிறிய டெஃப்லான் குழாயைக் கோத்து உள்ளே தள்ளினார். அதன் மேல் இன்னும் கொஞ்சம் பருமனான குழாயைத் தள்ளினார். சுருங்கிய இடம் விரிந்து கொடுத்தது. பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார். எல்லாம் சில நிமிட வேலை. தையல்கூடத் தேவைப்படவில்லை!

சில்லென்று இருந்த பாட்டியின் கால் கதகதப்பாக மாறியது. சில நாளில் வலி போனது. பிறகு புண்ணும் ஆறியது. மூன்று வாரம் கழித்துப் படம் எடுத்தார்கள்; பாதை திறந்தே இருந்தது. ஆறு மாதம் கழித்தும் எடுத்தார்கள்; அப்போதும் திறந்தே இருந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்த பாட்டி, கடைசிவரை தன் சொந்தக் கால்களால்தான் நடந்தார்.

இந்த சிகிச்சையைப் பற்றி, டாட்டரும் அவரது உதவியாளர் மெல்வின் ஜட்கின்சும் 1964 நவம்பரில் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்கள். உடனே பாராட்டு குவிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை!

அமெரிக்காவில் பல அறுவை சிகிச்சை டாக்டர்கள் இதை நம்பவில்லை. எக்ஸ்ரே எடுப்பவர் எக்ஸ்ரே எடுப்பதோடு நிற்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஒரு டாக்டர், நோயாளியை டாட்டரிடம் அனுப்பியபோது, படம் எடுத்தால் போதும், சரிசெய்ய முயல வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதிவிட்டார். பத்திரிகையில் வந்த அவருடைய புகைப்படங்களைப் பார்த்து, கிறுக்கு சார்லி என்று கேலி பேசியவர்களும் உண்டு.

ஆனால், ஐரோப்பாவில் இருந்த டாக்டர்கள் இந்த முறையை ஆர்வத்தோடு கற்றுக்கொண்டார்கள். அடைப்பை இப்படி நீக்குவதற்கு டாட்டரிங் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! ஜெர்மனியில் அதைக் கற்ற ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற டாக்டர், சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கதீட்டரின் நுனியில் குட்டி பலூன் ஒன்றைப் பொருத்தினார். அடைப்புள்ள இடத்தில் பலூனை ஊதினால் போதும், பாதை விரியும். 1974-ல் காலிலும், 1977-ல் இதயத்தின் ரத்தக் குழாயிலும் அதைப் பயன்படுத்தி வெற்றி கண்டார். நம் ஊரில் தாத்தா, பாட்டிகளுக்குச் செய்கிறார்களே ஆஞ்சியோபிளாஸ்டி, அது பிறந்த கதை இதுதான்.

டாட்டர் சும்மா இருந்தாரா? விரித்த பாதை மறுபடியும் சுருங்கினால் என்ன செய்வது என்று யோசித்தார். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போன்ற சுருள் கம்பியை ரத்தக் குழாய்க்குள்ளேயே நிறுத்திவிட்டால் பாதை மூடாது அல்லவா? 1969-ல் நாய்களிடம் சோதித்த முடிவுகளை வெளியிட்டார். இப்படி உள்ளே நிறுத்தும் உலோகக் குழாயைத்தான் இன்று ஸ்டென்ட் என்கிறோம். ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், கதீட்டரை அந்த இடத்துக்கே கொண்டுபோய், உறைந்த கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சிறிதளவு செலுத்தும் முறையையும் 1974-ல் தன் குழுவினருடன் வெளியிட்டார்.

ஆக, வழிகாட்டும் கம்பி, விரிக்கும் குழாய், தாங்கும் ஸ்டென்ட், கரைக்கும் மருந்து என்று நான்கு ஆயுதங்கள் தயார். அவை உடம்பின் வேறொரு மூலையில் எப்படி உயிர் காக்கின்றன என்று பார்ப்போமா? அந்த மூலை, நம் கல்லீரல்!

பெரியவர்களின் கல்லீரல் சுமார் ஒன்றரை கிலோ எடை இருக்கும். குடலில் இருந்து சத்தை ஏந்திவரும் ரத்தம் ஒரு பெரிய சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழையும். அங்கே சுத்தமாகி, மேலே உள்ள மூன்று முக்கியச் சிரைகள் வழியாக வெளியேறி இதயத்துக்குப் போகும்.

அந்த வெளியேறும் வாசலே அடைத்துக்கொண்டால்? உள்ளே வந்த ரத்தம் வெளியே போக முடியாமல் திணறும். கல்லீரல் வீங்கும். வயிற்றில் நீர் சேர்ந்து பானைபோல் உப்பும். உயிருக்கே ஆபத்து. இந்த நோய்க்கு பட்-கியாரி நோய் என்று பெயர். 1845-ல் இதைப் பற்றி எழுதிய லண்டன் டாக்டர் ஜார்ஜ் பட், 1899-ல் எழுதிய பிராக் நகர டாக்டர் ஹான்ஸ் கியாரி ஆகிய இருவரின் பெயரும் சேர்ந்த பெயர் இது.

இங்கேதான் நம் ஜோசப் ரோஷ் மறுபடி வருகிறார். டாட்டரின் பேச்சில் மயங்கிய அவர், 1967-ல் போர்ட்லாண்டுக்கே வந்துவிட்டார். அமெரிக்காவில் அவர் கழுத்துச் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் ஊசி செலுத்திப் பித்தநீர்க் குழாயைப் படம் எடுக்க முயன்றபோது, ஊசி தவறிப்போய் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரைக்குள் நுழைந்துவிட்டது. டாட்டரைப் போலவே ரோஷும் அந்தத் தவறை வீணாக்கவில்லை. உள்ளே வரும் பாதையையும் வெளியே போகும் பாதையையும் இணைத்து, கல்லீரலுக்குள்ளேயே ஒரு பைபாஸ் சாலை போடலாமே என்று நினைத்தார். 1969-ல் நாய்களிடம் செய்து காட்டினார்.

1982-ல் கனடாவில், பலூனால் மட்டும் விரித்து மனிதர்களுக்கு இதைச் செய்தபோது, புதுப்பாதை சீக்கிரமே மூடிக்கொண்டது. 1988-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகர டாக்டர்கள், முதன்முறையாக ஸ்டென்ட் வைத்துப் பாதையை நிலைக்கச் செய்தார்கள். இந்த முறையைச் சுருக்கமாக டிப்ஸ் என்கிறார்கள். ஹோட்டலில் கொடுக்கும் டிப்ஸ் இல்லை!

பட்-கியாரி நோயாளிகளுக்கு முதலில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தருவார்கள். முடிந்தால், அடைபட்ட சிரையையே பலூனால் விரிப்பார்கள். அதுவும் பலிக்காதபோது இந்த பைபாஸ் சாலை கைகொடுக்கும்.

சரி, போட்ட சாலையே அடைத்துக்கொண்டால்? அதுவும் நடக்கும். பட்-கியாரி நோயாளிகள் பலருக்கு ரத்தம் எளிதில் உறையும் தன்மை இருப்பதால், புதுப்பாதைக்குள்ளும் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். அல்லது பாதை மெல்லச் சுருங்கலாம். வற்றிய வயிறு மறுபடி உப்பத் தொடங்கும். நோயாளிக்கும் வீட்டாருக்கும் எவ்வளவு கவலையாக இருக்கும்!

வயிற்றைக் கிழிக்க வேண்டாம் என்பதுதான் நல்ல செய்தி. ஸ்கேன் கருவியால் ரத்த ஓட்டத்தைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு, கழுத்தில் மறுபடியும் ஒரு சிறு துளை. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, பழைய பாதைக்குள் கம்பியை விடுவார்கள். ரத்தக்கட்டியை மருந்தால் கரைப்பார்கள். அல்லது கருவியால் உறிஞ்சி எடுப்பார்கள். சுருங்கிய இடத்தை பலூனால் விரிப்பார்கள். தேவைப்பட்டால் பழைய ஸ்டென்டுக்குள்ளேயே புதிய ஸ்டென்ட் ஒன்றை நிறுத்துவார்கள். டாட்டரின் ஆயுதங்கள்தான் அத்தனையும்!

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. பைபாஸ் சாலை அளவுக்கு மீறி அகலமாக இருந்தால், ரத்தம் கல்லீரலில் சுத்தமாகாமலேயே கடந்துபோய்விடும். கழிவுகள் மூளையைத் தாக்கி, நோயாளிக்கு மறதியும் குழப்பமும் வரும். முதலில் மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். சரியாகாவிட்டால், அதே கழுத்து வழியே போய், நடுவில் ஒடுங்கிய ஸ்டென்டை உள்ளே வைத்து, பாதையின் அகலத்தைக் குறைப்பார்கள்.

இன்னொரு ஆச்சரியம். இப்போது டிப்ஸ் சிகிச்சைக்குப் பயன்படும் ஸ்டென்டுகளில், ரத்தம் கட்டாமல் இருக்க மெல்லிய உறை ஒன்று போடுகிறார்கள். அது எதனால் ஆனது தெரியுமா? டெஃப்லான் வகைப் பொருள்தான்! இந்த உறை வந்தபிறகு பாதை அடைபடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்தியாவில் உள்ள பெரிய மருத்துவமனைகளிலும் இந்த சிகிச்சைகள் நடக்கின்றன. எல்லோருக்கும் இது பலன் தரும் என்று சொல்ல முடியாது. சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படும். ஆனாலும், பலரின் வயிற்றில் கத்தி படாமல் காப்பாற்றியிருக்கிறது இந்த முறை.

டாட்டரின் கதைக்கு வருவோம். ஊருக்கெல்லாம் ரத்தக் குழாய் சரிசெய்தவருக்குத் தன் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1969-ல் நிணநீர் மண்டலப் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டார். பிறகு இதயத்தில் ஆபரேஷன்களும் செய்ய வேண்டியிருந்தது. அதற்காக அவர் ஓய்ந்துவிடவில்லை. மலை ஏறுவது அவருக்கு உயிர். அமெரிக்காவில் 14 ஆயிரம் அடிக்கு மேல் உயரமான சிகரங்களில் ஏறினார். ஐரோப்பாவின் செங்குத்தான மேட்டர்ஹார்ன் சிகரத்திலும் ஏறியிருக்கிறார். பறவைகளைப் பார்ப்பது, புகைப்படம் எடுப்பது, ஓவியம் வரைவது எல்லாம் அவருக்குப் பிடித்த பொழுதுபோக்குகள்.

1978-ல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால், அவரை ஒரு காலத்தில் கேலி செய்த அதே அமெரிக்காவில், மருத்துவமனைகள் அவருடைய முறையை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தன. அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் 1985-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 64.

கல்லீரலில் ஸ்டென்ட் வைத்த அந்த முதல் வெற்றி, அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதான் நடந்தது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1990-ல், அவர் வேலை செய்த போர்ட்லாண்டிலேயே அவர் பெயரில் ஒரு மருத்துவ ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் யார் தெரியுமா? கார்லோவி வாரி மாநாட்டில் டாட்டரின் பேச்சைக் கேட்ட அதே ஜோசப் ரோஷ்!

கோளாறு எங்கே என்று காட்டுவதோடு தன் வேலை முடிந்தது என்று டாட்டர் நினைத்திருந்தால், அந்த 82 வயதுப் பாட்டி காலை இழந்திருப்பார். டாட்டர் அப்படி நினைக்கவில்லை. அதனால்தான் இன்றும் உலகின் ஏதோ ஒரு மருத்துவமனையில், கழுத்தில் சின்னப் பிளாஸ்திரியோடு ஒரு கல்லீரல் நோயாளி எழுந்து உட்கார்ந்து, வயிற்றில் தையல் போட்ட வலியில்லாமல் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்.